பிறெடி அங்கிள் எந்த மொழியில் விழித்தார்

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் யாருடைய காரியமாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் சிக்கிக்கொண்டால், அவர் போய்த் தட்டுவது இரண்டாம் மாடியில் பிறெடி அங்கிளின் கதவைத்தான். தண்ணீர்க் கட்டணப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அனுமதி எதுவானாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. “அங்கை இருக்கிறது ஆர்? சரி, நான் வந்து கதைக்கிறன்.” கதைத்தால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். முடியாவிட்டாலும், போனவர் சிரித்துக்கொண்டுதான் திரும்பி வருவார்.

அவருடைய தொழிலே கதைப்பதுதான். துறைமுகத்தில் வாஃப் கிளார்க். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து வியாபாரிகளின் லொறியில் ஏற்றிவிடும்வரை அவர் வாய் ஓயாது. வாசலில் நிற்கும் உத்தியோகத்தரிடம் சிங்களம், கப்பல் கம்பனியிடம் இங்கிலீஷ், சரக்குக்குச் சொந்தக்காரரான புறக்கோட்டை முதலாளியிடம் தமிழ். ஒரு ஃபோனை வலக்காதிலும் இன்னொன்றை இடக்காதிலும் வைத்து இரண்டு மொழியில் ஒரே நேரம் சமாளிப்பதைக் கொச்சிக்கடைப் பக்கம் போனபோது நானே பார்த்திருக்கிறேன்.

சென்ற வருடம் அந்தப் பேச்சு இடையிடையே அறுந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்தவர் மர்ஸூக் ஹாஜியார். அங்கிளின் பழைய வாடிக்கையாளர், பாத்திர இறக்குமதிக்காரர். ஃபோனில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கிளின் பக்கம் சத்தமில்லாமல் போகும். ஹாஜியார் “ஹலோ, ஹலோ” என்று கத்திவிட்டு வைப்பார். திரும்ப எடுத்தால் அங்கிள் ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஃபோன் கம்பனியை இருவரும் சேர்ந்து ஒரு மாதம் திட்டினார்கள். சிம் மாற்றினார்கள். ஒருநாள் ஹாஜியார் நேரில் வந்து முன்னால் நின்று கதைக்கும்போது அதே மௌனம் வந்தது. அங்கிளின் வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை.

“லைன்ல இல்ல பிறெடி, கோளாறு ஒங்களிலதான்” என்றார் ஹாஜியார். அன்றே டொக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான்.

படம் பிடித்துப் பார்த்தார்கள். இடப்பக்க மூளையில், பேச்சு இருக்கும் பகுதியை ஒட்டி, மெதுவாக வளரும் வகைக் கட்டி. ஆளை விழிப்பாக வைத்துக்கொண்டுதான் அதை எடுக்கவேண்டும் என்றார்கள். கட்டியைத் தொடும் முன் சத்திரசிகிச்சை நிபுணர் அந்த இடத்தில் சிறிய மின்சாரம் வைத்துப் பார்ப்பார். அப்போது நோயாளி கதைத்துக்கொண்டிருக்கவேண்டும். பேச்சு நின்றால் அந்த இடத்தை வெட்டக்கூடாது. நிற்காவிட்டால் வெட்டலாம்.

“மண்டையைத் திறந்துவைச்சுக்கொண்டு கதைக்கவேணுமாம்” என்று அங்கிள் படிக்கட்டில் நின்று எல்லோருக்கும் அறிவித்தார். “வாழ்நாள் முழுக்கப் பழகின வேலை. எனக்கு இதுக்குச் சம்பளமே தரலாம்.”

அவர் மனைவி றோஸி அன்ரி சிரிக்கவில்லை. அவர்களின் மகன் அனுஜன் டோஹாவில் இருப்பதால் ஆஸ்பத்திரிக்கு அன்ரியோடு போய்வரும் துணை நானானேன். பஸ்ஸில் அன்ரி ஜன்னலோரம் இருந்து செபமாலை சொல்வார். நான் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் அது வசதியான ஏற்பாடு.

தவறு நடந்தது ஆஸ்பத்திரியில்தான். யாருடைய தவறு என்று சொல்வது கடினம். இந்த ஊரில் ஒரு மேசைக்குப் பின்னால் ஆள் இருந்தால் நம் வாய் தானாகவே சிங்களத்துக்கு மாறிவிடும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தமிழரோ, தமிழ் கதைக்கும் முஸ்லிமோ என்று பார்ப்பதற்குக்கூட நாம் நிற்பதில்லை. அங்கிளும் அப்படித்தான். வீட்டுப்பெயர் பெர்னாண்டோ. தமிழருக்கும் உண்டு, சிங்களவருக்கும் உண்டு. உச்சரிப்பிலும் ஒன்றும் தெரியாது. எந்த மொழியில் கதைப்பீர்கள் என்று கேட்டபோது அந்த மேசையில் நடந்த மொழியையே சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எல்லாப் பரிசோதனையும் சிங்களத்தில் நடந்தது. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள், சிங்களத்தில் சொன்னார். மயக்க மருந்து டொக்டர் சில தடவை வந்து பார்த்தார். அவரோடும் சிங்களம். சத்திரசிகிச்சை நாள் நெருங்கியது.

அந்த மயக்க மருந்து டொக்டரை நான் முதலில் கண்டது ஒரு மாலைப் பார்வை நேரத்தில். நீலத் தொப்பியும் முகமூடியும் அணிந்து வார்ட் வாசலில் நின்றார். உள்ளே அன்ரி உச்சக் குரலில் இருந்தார்.

“விடிய எழும்பி நான் அவிச்ச இடியப்பத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குக் குடுத்திட்டு, நீங்கள் ஆஸ்பத்திரிப் பாண் திண்டியளோ?”

“அந்த மனிசன் பொலன்னறுவையிலையிருந்து வந்து கிடக்குது றோஸி. அதுக்கு ஆர் இருக்கினம்?”

“எனக்கு ஆர் இருக்கினம்? அதை எப்பவாவது கேட்டியளோ?”

“உமக்கென்ன, உம்மடை சத்தத்துக்கு முழு வார்ட்டும் உம்மோடை நிக்கும்.”

டொக்டர் உள்ளே வந்தார். முகமூடியைக் கீழே இழுத்தார். “அங்கிள், நீங்க தமிழா?” என்று கேட்டார், தமிழில்.

“ஒவ், டொக்டர்” என்றார் அங்கிள், சிங்களத்தில்.

“அவ தமிழிலை கேக்கிறா” என்றார் அன்ரி. “நீங்கள் ஆருக்குச் சிங்களத்திலை பதில் சொல்றியள்?”

டொக்டர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். “நான் நிம்றா. வெள்ளவத்தை. எங்கட ஊட்டுலயும் தமிழ்தானே கதைக்கிற. இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் சிங்களத்துல கதைச்சிக்கிட்டு ஈந்திருக்கோம்.” ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார். “அங்கிள், இது பகிடி இல்ல. சிங்களம் மூளைல ஒரு எடத்துல ஈந்தா, தமிழ் அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஈக்க ஏலும். சிங்களத்த மட்டும் பாத்துப் பாத்து வெட்டினா, தமிழ வெட்டினது எங்களுக்கே தெரிய வராது. நீங்க சிங்களத்துல நல்லாக் கதைப்பீங்க. நாங்களும் சந்தோசமா ஊட்டுக்கு அனுப்பியிருப்போம்.”

சரக்கு வேலை பார்த்த அங்கிளுக்குக் கணக்கு உடனே பிடிபட்டது. “ரெண்டையும் காப்பாத்தப் போனா, கட்டியிலை எடுக்கிறது குறையுமோ?” என்று பழக்கப்படி சிங்களத்திலேயே கேட்டார்.

“குறைய ஏலும். குறையாமலும் ஈக்க ஏலும். திறந்து பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப சிங்களம் மட்டும் காணும், டொக்டர்.” அங்கிள் இதையும் சிங்களத்தில், பெரிய விசயமில்லை என்பதுபோலச் சொன்னார். “ஒண்டும் மிச்சம் விடாமல் எடுத்துவிடுங்கோ. திரும்பவும் வந்து இந்தக் கட்டிலிலை படுக்க எனக்கு ஏலாது. துறைமுகத்திலை எனக்குச் சோறு போடுறது சிங்களம்தானே.”

அன்ரி சாப்பாட்டுப் பையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். “பிறகு என்னோடை எதிலை கதைப்பியள்?” என்று கேட்டார்.

“நீரும் சிங்களம் கதைப்பீர்தானே, றோஸி.”

“கடைக்காரனோடை கதைக்கிற சிங்களத்திலை எனக்கு உங்களோடை குடும்பம் நடத்தேலாது.”

பக்கத்துக் கட்டில் பொலன்னறுவைக்காரர்கூட, ஒன்றும் விளங்காமலே, தலையைத் திருப்பிக்கொண்டார். அங்கிள் அன்ரியைப் பார்த்தபடி இருந்தார். அதுவரை பகிடிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பயம் அப்போதுதான் அவர் முகத்தில் தெரிந்தது. எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். சமாளிக்கவில்லை.

“ரெண்டையும் பாருங்கோ, டொக்டர்” என்றார். அவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரிடம் தமிழில் சொன்ன முதல் வசனம் அது.

சத்திரசிகிச்சையைச் சில நாட்கள் தள்ளிவைத்தார்கள். தமிழில் பரிசோதிக்க வேறு ஆள் கிடைக்காததால் டொக்டர் நிம்றாவே தன் வேலை முடிந்ததும் படக்கட்டோடு வந்தார். அன்ரியும் நானும் அருகில் இருப்போம். ஆரம்பம் அவ்வளவு நன்றாக இல்லை.

“இது என்ன, அங்கிள்?”

“பாரை.”

“மீன் எண்டு செல்லுங்க, போதும்.”

“மீன் எண்டால் எந்த மீன்? செதிலைப் பாருங்கோ. இது பாரைதான்.”

“படம் கீறினவருக்கே அது தெரிஞ்சிருக்காது, அங்கிள்.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. களைப்பாக இருக்கும்போது, டொக்டர் தமிழில் கேட்டாலும் அங்கிளின் பதில் சிங்களத்தில் வந்து விழுந்தது. டொக்டர் என்றால் சிங்களம் என்ற பழக்கம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. டொக்டருக்கு அது கவலையைக் கொடுத்தது. சத்திரசிகிச்சை மேசையில் அரை உறக்கத்திலிருந்து எழுப்பும்போதும் இப்படி வந்தால், தமிழ் போய்விட்டதா அல்லது வெறும் பழக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போகும்போது அன்ரியை நடைபாதைக்கு அழைத்தார். “அன்ரி, அங்கிள் கட்டாயம் தமிழ்லதான் கதைப்பார் எண்டு ஒரு நேரம் ஈக்கா?”

“என்னோடை சண்டை பிடிக்கேக்கை” என்றார் அன்ரி, யோசிக்காமல்.

“எதுக்குச் சண்டை வரும்?”

அன்ரி சொல்லத் தொடங்கினார். டொக்டர் முதலில் சிரித்தார், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டார், பிறகு ஒரு கதிரை கேட்டார்.

சத்திரசிகிச்சை அன்று காலை அன்ரியும் நானும் வெளியில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததைப் பின்னர் அங்கிளும் டொக்டரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் நான் டொக்டரை நம்புகிறேன்.

மயக்க மருந்து டொக்டர் என்றால் ஆளைத் தூங்கவைப்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வேலையில் தூங்கவைப்பது சின்னப் பங்கு. மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் எலும்பை மூடியிருக்கும் உறைக்கும்தான் தெரியும். அதனால் டொக்டர் நிம்றா முதலில் தலையைச் சுற்றி, நரம்புகள் ஏறிவரும் இடங்களில், ஒவ்வொன்றாக விறைப்பு ஊசி போட்டார். தலை அசையாமலிருக்கப் பிடிக்கும் இரும்புப் பிடி இறுகியபோதும், எலும்பைத் திறந்தபோதும் அங்கிளை மெல்லிய உறக்கத்தில் வைத்திருந்தார். தொண்டைக்குள் குழாய் இல்லை. தானே மூச்சுவிடும் உறக்கம். மருந்து கொஞ்சம் கூடினால் மூச்சு மந்தமாகும். கொஞ்சம் குறைந்தால் ஆள் பதறி அசைந்துவிடுவார், தலையோ பிடிக்குள் இருக்கிறது. அந்த ஒடுங்கிய இடைவெளிக்குள் ஒரு மனிதரைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்கும் நேரத்தில் தெளிவாக எழுப்பிக் கொடுப்பதுதான் அவர் வேலை.

எழுப்பும் நேரம் வந்தது. மருந்தைக் குறைத்துவிட்டு, மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் குனிந்து, அங்கிளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். வலப்பக்கம் சாய்ந்து படுத்திருந்த அங்கிள் கண் திறந்தார்.

“அங்கிள், நான் ஆரு?”

“டொக்டர் மிஸ்” என்று தொடங்கி, நலமாக இருக்கிறேன், கஷ்டம் இல்லை என்று அங்கிள் சிங்களத்தில் சொன்னார்.

“தமிழ்ல செல்லுங்க, அங்கிள். இது என்ன?” மீன் படம்.

“மாளு.” சிங்களம்.

“தமிழ்ல?”

“மாளு, மிஸ்.”

துணிக்கு அந்தப் பக்கம் கட்டியை எடுக்க நின்ற சேர்ஜன் சிங்களவர். தமிழ் தெரியாது. தொடங்கலாமா என்று கேட்டார். டொக்டர் நிம்றா பொறுக்கச் சொன்னார். இன்னும் யாரும் எதையும் தொடவில்லை. ஆகவே இது பழக்கமாகவோ உறக்கத்தின் மிச்சமாகவோதான் இருக்கவேண்டும். ஆனாலும் தமிழைத் தன் காதால் கேட்காமல் தொடங்க அவர் விரும்பவில்லை. அங்கிளின் காதருகே குனிந்தார்.

“அங்கிள், நீங்க ஊட்டுல மீன் வெட்டிக் குடுக்கிறதே இல்லையாமே. கல்யாணம் முடிச்ச நாள்லேந்து ஒருக்காக்கூட இல்லையாம்.”

அங்கிளின் கண்கள் அகல விரிந்தன. “ஆர் சொன்னது?”

“றோஸி அன்ரிதான்.”

“பச்சைப் பொய்! போன பெரிய வெள்ளிக்கு முழுப் பாரையையும் ஆர் வெட்டினது? கையிலை வெட்டுப்பட்ட காயத்தைக் காட்டட்டோ? கையை அவிழ்த்துவிடுங்கோ, காட்டுறன்!”

அறையில் சிரிப்பு எழுந்தது. சேர்ஜனும் சிரித்தார், பிறகு “மொகத கிவ்வே?” என்று, என்ன சொன்னார் என்று கேட்டார். “மனைவி பொய் சொல்கிறாராம்” என்றார் டொக்டர். “அப்படியானால் மூளை சரியாக இருக்கிறது” என்று சொல்லிச் சேர்ஜன் வேலையைத் தொடங்கினார்.

மின்சாரக் கோல் ஒவ்வோர் இடமாகத் தொட்டது. டொக்டர் படம் காட்டினார். முதலில் சிங்களம், பிறகு தமிழ். ஏணி, கத்தரிக்கோல், மணிக்கூடு, பூட்டு. இரண்டும் வந்தன. இடையிடையே அங்கிள் சிங்களத்துக்குள் சரிந்தபோதெல்லாம் டொக்டர், அன்ரி தந்த முறைப்பாடுகளில் ஒன்றை எடுத்து விட்டார். சவர்க்காரத்தைத் தண்ணீருக்குள் விடுவது. அனுஜனின் கல்யாணப் பேச்சை மூன்று இடத்தில் உளறியது. ஒவ்வொன்றுக்கும் அங்கிளிடம் தமிழில் மறுமொழி இருந்தது.

பிறகு ஓர் இடம். படம் கதவு. சிங்களத்தில் உடனே சொன்னார். தமிழில் கேட்டபோது வாய் திறந்தது, சொல் வரவில்லை. டொக்டர் கையை உயர்த்தினார். கோல் விலகியது. “கதவு” என்றார் அங்கிள், மூச்சு வாங்கியபடி. “எனக்குத் தெரியும், டொக்டர். நாக்குக்கு வரேல்லை.” ஹாஜியாரோடு ஃபோனில் கதைக்கும்போது வந்த மௌனம் இதுதான் என்று அவருக்கு விளங்கியதாம்.

திரும்பத் தொட்டார்கள். திரும்பவும் சிங்களம் வந்தது, தமிழ் நின்றது. இன்னொரு படம், அதே கதை. சேர்ஜன் குனிந்து அந்த இடத்தைத் திரும்பவும் பார்த்தார். கட்டியின் ஒரு துண்டு அந்த இடத்துக்கு அடியில் போயிருக்கிறது, அதை எடுத்தால் தமிழ் போகும், என்று சொன்னார். சிங்களத்தில் சொன்னதால் அங்கிளுக்கும் விளங்கியது.

“அதை விட்டிடுங்கோ” என்றார் அங்கிள். யாரும் அவரைக் கேட்கவில்லை. முன்பே முடிவான விசயம்தான். இருந்தாலும் முதலில் தமிழிலும், பிறகு சேர்ஜனுக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்திலும் சொன்னார்.

மிச்சத்தை எடுத்து முடித்தார்கள். டொக்டர் நிம்றா அவரைத் திரும்பவும் தூங்கவிட்டார். வெளியே வந்து எங்களைக் கண்டதும் முகமூடியைக் கழற்றினார். “அன்ரி, ஒங்கட முறைப்பாடு எல்லாம் முடிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு ஈந்திருந்தா நல்லம்” என்றார். அன்ரி எழும்பி அவர் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அடுத்த நாட்களில் அங்கிளின் தமிழ் மெதுவாக இருந்தது. வீக்கம் வடியும்வரை அப்படித்தான் என்றார்கள். தாதிமாரோடு சிங்களம் கதைப்பதில் தடையில்லை. அன்ரியோடு கதைக்கும்போது மட்டும், இருட்டில் படியிறங்குபவர்போல ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு அது நாளுக்கு நாள் இலேசாகியது. மிச்சம் விட்ட துண்டை அவ்வப்போது படம் பிடித்துப் பார்க்கவேண்டும். அது நீண்ட காலம் சும்மா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அங்கிள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார். “குடியிருக்கட்டும். சத்தம் போட்டால் பாப்பம்” என்கிறார். துறைமுகத்துக்கு இப்போது அரை நாள் போகிறார். ஹாஜியார் ஃபோனில் அவசரப்படுத்துவதில்லை.

முதல் மறுபரிசோதனைக்கு மூவரும் போனோம். படத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பும்போது வெயில் கடுமை. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பழச்சாறுக் கடை. அன்ரி மருந்துக்கடைக்குள் போயிருந்தார். அங்கிள் கடைக்காரரிடம், “மல்லி, திவுல் தெகக் தென்ன” என்று தனக்கும் எனக்குமாக இரண்டு கேட்டார். பளிச்சென்று வந்தது சிங்களம். மண்ணிறமாய்க் கெட்டியான சாறு இரண்டு கிளாசில் வந்தது.

அன்ரி வந்து சேர்ந்தார். “என்ன அது குடிக்கிறியள்?”

“இது வந்து...” என்றார் அங்கிள். கிளாசைப் பார்த்தார். “இது... ஓடு இருக்கும்... உடைச்சு...”

எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கொட்டாஞ்சேனை பஸ் வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்துக் கத்தினார். அன்ரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் போயிற்று. அங்கிள் கண்ணைச் சுருக்கிக் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரும் துணியைக் கையில் வைத்தபடி நின்றார்.

“விளாம்பழம்” என்றார் அங்கிள்.

அன்ரி என் கையை விட்டார்.

“விளாம்பழம்” என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு, அங்கிள் ஒரு மிடறு குடித்தார். “சீனி கொஞ்சம் குறைவு.”

“அதுசரி” என்றார் அன்ரி. “எனக்கு ஏன் ஒண்டு சொல்லேல்லை?”

“நீர் மருந்துக்கடையிலை நிண்டீர்.”

“மருந்துக்கடையிலை நிண்டால் எனக்குத் தண்ணி விடாய்க்காதோ?”

“விடாய்ச்சால் சொல்லியிருக்கலாமே!”

அடுத்த பஸ் வரும்வரைக்கும் அது ஓயவில்லை.